நம்பாததற்கும் காரணம் வேண்டும்

“சபையே நம்பாத ஆளை நீதிமன்றம் ஏன் திரும்பவும் விசாரிக்கச் சொல்ல வேண்டும்? எல்லாம் நாள் கடத்துகிற வேலை.” ஸ்கார்பரோவில் அகதி வழக்குப் பேச்சு எழுந்தால் இப்படிச் சொல்ல ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் அவரும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவர்தான்.

அந்த ஆளை நம்பலாமா என்று சமஷ்டி நீதிமன்றம் பார்ப்பதே இல்லை. குடிவரவு அகதிகள் சபை அவரை நம்பாமல் விட்டதற்குச் சொன்ன காரணங்கள் நியாயமானவையா என்றுதான் பார்க்கிறது. வென்றவருக்கும் அகதித் தகுதி கிடைப்பதில்லை. வழக்கு வேறோர் உறுப்பினரிடம் திரும்பிப் போகும், அவ்வளவே. ஒரு முடிவு ஒருவரின் வாழ்வைக் கடுமையாகப் பாதிக்குமானால், காரணங்களும் அதற்கேற்ற கனத்தோடு இருக்க வேண்டும் என்று 2019இல் வாவிலோவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

“உண்மை சொல்பவனுக்குப் பேச்சு மாறாது” என்பது அடுத்த வாதம். தமிழ் பேசும் ஒருவர் இதைச் சொல்வதுதான் எனக்கு வியப்பு.

“ஆடியில பிடிச்சவங்கள், காம்பில வைச்சிருந்தவங்கள், அண்ணைதான் காசு கட்டி எடுத்தவர்.” நமக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஆடி என்பது யூலையா, யூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரையா? காம்ப் என்பது இராணுவ முகாமா, 2009இல் சனங்களை அடைத்துவைத்த மெனிக் பாம் போன்றதா? அண்ணை கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா, ஊரில் மூத்த யாரோவா? பிடித்தது இராணுவமா ஆயுதக் குழுவா என்பது அந்த வசனத்தில் இல்லவே இல்லை. படிவம் நிரப்ப உதவியவர் ஒன்றை எழுதியிருப்பார். விசாரணையில் மொழிபெயர்த்தவர் வேறொன்றைச் சொல்லியிருப்பார். உறுப்பினரின் தாளில் அது “முரண்பாடு” என்று பதிவாகும்.

சத்தியம் செய்து சொன்னதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மையென்றே கொள்ள வேண்டும் என்பது 1979இலேயே மால்டொனாடோ வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த விதி. சின்னச்சின்னப் பிசகுகளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டாம் என்று 1989இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் கண்டித்தது.

“தேடப்படுகிற ஆள் கட்டுநாயக்காவால் எப்படி வெளிக்கிட்டார்?” என்றும் கேட்பார்கள். ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி அந்த வழியாலேயே வந்தவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! “இப்படி நடந்திருக்கவே முடியாது” என்ற முடிவை மிகத் தெளிவான சந்தர்ப்பங்களில் மட்டுமே எடுக்கலாம் என்கிறது 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று.

நாள் கடத்தல் என்ற குற்றச்சாட்டோ சட்டத்தைப் படிக்காத பேச்சு. நீதிமன்றத்துக்குப் போக முதலில் அனுமதி கேட்க வேண்டும். அதற்குத் தவணை 15 நாள். அனுமதி மறுக்கப்பட்டால் மேன்முறையீடு கிடையாது. சபையின் மேன்முறையீட்டுப் பிரிவில் தோற்று வருபவருக்கு, வழக்கு முடியும்வரை பொதுவாக நாடுகடத்தல் தானாக நிற்கும். கோரிக்கைக்கு நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை என்று சபை முத்திரை குத்தியவருக்கு அந்தப் பிரிவும் இல்லை, தானாகக் கிடைக்கும் தடையும் இல்லை. ஆக, மிகக் குறைவாக நம்பப்பட்டவருக்குத்தான் மிகக் குறைவான அவகாசம்.

பொய்க்கதையோடு வருபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பொய்யென்று சபை சரியான காரணத்தோடு எழுதியிருந்தால் நீதிமன்றம் அதில் கை வைப்பதில்லை.

1985 வரை கனடாவில் அகதிக் கோரிக்கையாளரின் முகத்தையே பாராமல் கடதாசியை வைத்து மறுத்தார்கள். நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானால் நேரில் கேட்டே ஆக வேண்டும் என்ற சிங் வழக்குத் தீர்ப்பு அந்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி வந்தது. அதன் பயனை அனுபவித்தவர்களில் நாமும் இருக்கிறோம்.

உங்கள் பேஸ்மன்றில் குடியிருப்பவருக்கு மறுப்புக் கடிதம் வந்திருந்தால், அவர் கதை உண்மையா என்று கேட்க முதல், கடிதம் என்றைக்குக் கையில் கிடைத்தது என்று கேளுங்கள்.