கடனுக்கு எல்லை உண்டு

கடன் கொடுத்தவனுக்குத் தன் பணத்தைக் கேட்கும் உரிமை உண்டு, மறுப்பாரில்லை. ஆனால், கடன் வாங்கியவன் தன் மானத்தையும் சேர்த்து அடகு வைத்துவிட்டானா?

2016 மார்ச்சில் அரியலூர் மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காகத் தனியார் நிதி நிறுவனத்தார் வண்டியைப் பறித்துச் சென்றபின், ஒரு விவசாயி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று நாட்டில் நீதி வகுக்கப்படாமலா இருந்தது? அடியாட்களை ஏவிக் கடன் வசூலிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்திருந்தது. பின்னர் 2022இல், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தவணை கேட்டு அழைக்கலாகாது என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 2025இல் தமிழகச் சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஏட்டில் குறைவில்லை, குறை ஆள்வோரிடத்தில். பெரம்பலூரில் மானாவாரிப் பருத்தியையும் மக்காச்சோளத்தையும் நம்பிக் கடன்பட்டவன், மழை பொய்த்தால் தவணை தவறுகிறான். மிரட்டப்பட்டு வரும் அவனை, 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பும் அதிகாரி எவராயினும் அவரே சட்டத்தின் முதற்பகைவர். பாக்கி சிவில் விவகாரம், மிரட்டல் குற்றம்.

'நாம் வட்டியைத் தீண்டாதவர்கள், நமக்கென்ன?' என்று ஒதுங்குவோரே! நெருக்கடியில் இருப்பவனுக்கு அவகாசம் அளிக்கச் சொன்ன மார்க்கம், அண்டை வீட்டார் அவமதிக்கப்படும்போது கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லவில்லை. உடன் சென்று நில்லுங்கள். நடந்ததை நாள், நேரத்துடன் எழுதிப் புகார் கொடுங்கள், ரசீது கேளுங்கள். காவல் நிலையம் ஏற்க மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். கேட்பாரற்ற ஊரில் சட்டம் வெறும் காகிதமே.