ரிட்டர்ன் பாலிசின்னா ஓசி வாடகையா?

போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டுல (அமெரிக்காவுலதாங்க) பையனோட பர்த்டே பார்ட்டி. ஹால்ல புத்தம்புது ப்ரொஜக்டர். "எவ்ளோ ஆச்சு?"ன்னு கேட்டேன். "காசா? திங்கக்கிழமை ரிட்டர்ன்தான்"னு கண்ணடிச்சார். ஒரே சிரிப்பு. உடனே இன்னொருத்தர், கிராண்ட் கேன்யன் போறதுக்கு முன்னாடி கேமரா வாங்கி, வந்ததும் திருப்பிக் கொடுத்த வீரக்கதையை ஆரம்பிச்சார். அடுத்தவர், அம்மா அப்பா வந்தப்போ வாங்கின காத்தடிக்கிற மெத்தை. மூணு மாசம் படுத்து எழுந்துட்டு முழுக்காசையும் வாங்கிட்டாராம்!

கேட்டா, "பாலிசியே அப்படித்தான் பாஸ், நாம என்ன திருடறோமா?"

ஆமாங்க, திருட்டுதான். சைஸ் சரியில்லையா, திருப்பிக் கொடுங்க. ரிப்பேரா, கண்டிப்பா கொடுங்க. மனசு மாறிப்போச்சா, பெட்டியைப் பிரிக்காம கொடுங்க. அதுக்குத்தான் அந்த கவுண்ட்டர். வாங்கும்போதே திருப்பிக் கொடுக்கிற தேதியைக் குறிச்சுக்கிட்டு வாங்கறதுக்குப் பேரு ஷாப்பிங் இல்ல. பிரிச்ச பெட்டியைப் புதுசுன்னு விக்க முடியாது, விலையைக் குறைச்சுத்தான் தள்ளணும். அந்த நஷ்டத்தைக் கடைக்காரன் தன் பாக்கெட்டுல இருந்தா போடுவான்? உங்க விலையிலயும் என் விலையிலயும்தான் ஏத்துவான்.

மெய்ன் மாநிலத்து எல்.எல்.பீன் கதை தெரியுமா? 1912-ல முதல்ல வித்த 100 ஜோடி பூட்ஸ்ல 90 தையல் பிரிஞ்சு திரும்பி வந்துச்சு. அந்த மனுஷன் அத்தனை பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பேருலதான் கம்பெனியே வளர்ந்தது. எப்ப வேணாலும் திருப்பித் தரலாம்ங்கிற அந்த வாக்குறுதியை 2018-ல நிறுத்திட்டாங்க. இப்ப ஒரு வருஷம்தான், அதுவும் பில் இருந்தா. காரணம்? பழைய சாமான் விக்கிற இடத்துல வாங்கின துணியைக்கூட கொண்டுவந்து காசு கேட்ட புண்ணியவான்கள். (நம்மாளுங்க மட்டும்னு சொல்லல, வெள்ளைக்காரனும்தான்.) இப்ப சில கடைகள்ல ஐடி வாங்கிக் கணக்கு வைக்கிறாங்க. அடிக்கடி திருப்பிக் கொடுத்தா முடியாதுன்னும் சொல்றாங்க.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'ன்னு பில்லைப் படிச்சு வளர்ந்தவங்க நாம. ஒரு தீபாவளிக்கு எனக்கு எடுத்த சட்டை பத்தல. வேற சைஸ் மாத்தித் தரச்சொல்லி எங்கப்பா கடை வாசல்ல அரை மணி நேரம் கெஞ்சிக்கிட்டு நின்னார். திருடனைப் பாக்கிற மாதிரி பாத்தாங்க. இங்க வந்த புதுசுல, ஒரு கேள்வி கேக்காம சிரிச்சுக்கிட்டே காசைத் திருப்பிக் கொடுத்தப்ப எனக்கு அந்த அரை மணி நேரம்தான் ஞாபகம் வந்துச்சு. கேள்வி கேக்காததுங்கிறது நமக்குக் கிடைச்ச மரியாதைங்க. அதைப் போய் இளிச்சவாய்த்தனம்னு நினைச்சா எப்படி?

நானும் யோக்கியன் இல்ல. முதல் இன்டர்வியூவுக்கு டேகை உள்ள மடிச்சுவிட்டு கோட் போட்டுட்டுப் போய் மறுநாள் திருப்பிக் கொடுத்தவன்தான். அன்னைக்குக் கையில காசில்லை. ப்ரொஜக்டர்காரருக்கு என்ன குறைச்சல்?

டிஸ்கி: அந்த நண்பரும் இதைப் படிப்பார். அடுத்த பர்த்டேக்குக் கூப்பிடுவாரான்னு தெரியல :-)