1,212 தூண்கள்... மேற்கு வாசலில் நிற்கும் ராஜாவைப் பார்த்தீர்களா?

ராமேஸ்வரம் போய் வந்தவர்களிடம் "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அக்னி தீர்த்தத்தில் குளியல், 22 தீர்த்தங்களில் வாளித் தண்ணீர், ஈரத்துணியோடு வரிசை, சுவாமி தரிசனம், பிறகு தனுஷ்கோடி. பதில் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்தவர்களுக்கு அந்தக் காலைப்பொழுதில் வேறு எதற்கும் நேரமும் இருக்காது, மனசும் இருக்காது.

உலகமே வியக்கும் மூன்றாம் பிராகாரத்தை அன்று காலையிலேயே நான்கைந்து முறை கடந்திருப்பார்கள். ஆனால், பார்த்திருக்க மாட்டார்கள். வழுக்கிவிடாமல் இருக்கத் தரையைப் பார்த்தே நடந்திருப்பார்கள்!

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அன்று மாலையே இன்னொரு முறை கோயிலுக்குள் போவதுதான்.

மாலையில் என்ன விசேஷம்?

தீர்த்தமாடும் கூட்டம் மாலையில் இருக்காது. பகல் முழுக்கக் கொதித்த தெரு ஆறத் தொடங்கும். விளக்குகள் ஏற்றிய பிறகு பிராகாரத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த மேடை, அதன் மேல் வரிசை பிசகாமல் தூண்கள், மேலே வண்ணம் தீட்டிய விதானம். போகப் போகச் சிறுத்து, தூரத்தில் ஒரு புள்ளியாகிவிடும்.

மொத்தம் 1,212 தூண்கள். நான்கு பக்கமும் ஒரு சுற்று வந்தால் அரை கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பீர்கள்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ராமேஸ்வரம் ஒரு மணல் தீவு. தூணுக்கு ஏற்ற கருங்கல் அங்கே கிடையாது. பாம்பன் ரயில் பாலம் திறந்ததே 1914-ல்தான். சாலைப் பாலம் 1988-ல் வந்தது. இந்தப் பிராகாரம் உருவான 18-ம் நூற்றாண்டில் எந்தப் பாலமும் இல்லை. அப்படியென்றால் கற்கள் கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தூணும் தோணி ஏறி வந்த யாத்ரீகர் என்றே சொல்லலாம்.

மேற்கு வாசலில் மூன்று பேர்

மேற்கு வாசல் பக்கம் வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். சேதுமாதவர் சந்நிதிக்குப் போகும் வழியும் பிராகாரமும் சந்திக்கிற இடம், சொக்கட்டான் ஆட்டக் கட்டம் போல இருக்கும். அதனால் அதற்குச் சொக்கட்டான் மண்டபம் என்றே பெயர். அந்தப் பக்கத்தில் மூன்று சிலைகள் உண்டு. ஒருவர் முத்துராமலிங்க சேதுபதி. மற்ற இருவர் அவருடைய பிரதானிகளான முத்துஇருளப்ப பிள்ளையும் கிருஷ்ணய்யங்காரும்.

மூன்றாம் பிராகாரம் என்றாலே முத்துராமலிங்க சேதுபதியின் பெயரைத்தான் சேர்த்துச் சொல்வார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தவர். 1772-ல் நவாப் படையும் கம்பெனிப் படையும் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது, சிறுவனான அவரும் தாயாரும் திருச்சியில் சிறை வைக்கப்பட்டார்கள். 1781-ல் வெளியே வந்து மறுபடி ஆட்சியில் அமர்ந்தார். 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைப் பதவியிலிருந்து நீக்கி மறுபடி சிறையில் அடைத்தது. அதன்பின் அவர் ஊர் திரும்பவே இல்லை. 1809-ல் கைதியாகவே சென்னையில் இறந்துபோனார்.

இத்தனை பெரிய பிராகாரத்தோடு பெயர் சேர்ந்த ராஜாவுக்கு, கடைசிக் காலத்தில் அதில் நடக்கும் பாக்கியம் இல்லை. அவர் சிலையை வெறும் தூண் என்று நினைத்துத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகிறார்கள்.

ஜப்பானில் கண்ணாடி... நம்மூரில்?

ஜப்பானின் டோக்கியோ நகரில் ஷிபமதா என்ற இடத்தில் தைஷாகுதென் என்றொரு புத்தர் கோயில் உண்டு. அதன் சுவர்களில் தாமரை சூத்திரக் கதைகளை மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 10 பலகைகள், 10 சிற்பிகள். 1922-ல் தொடங்கிய வேலை 1934-ல் முடிந்தது. மழையும் வெயிலும் படாமல் இருக்க, அந்தப் பக்கத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கூடமே கட்டிவிட்டார்கள். கட்டணம் கொடுத்து உள்ளே போய், ஒவ்வொரு பலகையின் கதையையும் தெரிந்துகொண்டு, நிதானமாகப் பார்க்கிறார்கள்.

ராமேஸ்வரத்தில் அப்படிச் செய்ய முடியாது. இது ஜனங்கள் நடக்கிற வழி. சுவாமி புறப்பாடும் இந்த வழியில்தான். இங்கே கண்ணாடி போட்டால் கோயில் காட்சிசாலை ஆகிவிடும். அதனால் இந்தத் தூண்களுக்குக் காவல், வருகிறவர்களின் கவனம் மட்டும்தான். 'இது இன்னார் சிலை' என்று தெரிந்தவர் அதன் மேல் விபூதியைத் துடைக்க மாட்டார். எண்ணெய்க் கையை வைக்க மாட்டார். தெரியாதவருக்கு அது கை துடைக்க வசதியான ஒரு கல், அவ்வளவுதான்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு...

* பகலில் மூடிய நடை பிற்பகலில் திறக்கும். விசேஷ நாட்களில் நேரம் மாறும் என்பதால், காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. வருத்தப்படாதீர்கள், கண்ணுக்கு வேலை கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

* கைடு வைத்துக்கொள்வதாக இருந்தால், எவ்வளவு, எதையெல்லாம் காட்டுவார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். "சீக்கிர தரிசனம் வேண்டாம், தூணும் சிலையும் பார்க்கணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

* வயதானவர்களுக்கு ஒரே மூச்சில் முழுச் சுற்று வேண்டாம். ஒரு பக்கம் நடந்து, சற்று உட்கார்ந்து, அடுத்த பக்கம் போகலாம்.

* குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு வரிசையில் எத்தனை தூண் என்று எண்ணச் சொல்லுங்கள். பாதியில் கணக்கு தப்பும், மறுபடி எண்ணுவார்கள்.

எண்ணிக்கொண்டே மேற்கு வாசல் வந்ததும், "தாத்தா, இது யாரு?" என்று பேரன் கேட்பான். அப்போது "யாரோ ராஜாடா" என்று சொல்லிவிடாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள். சிறையில் இறந்த கதையையும் சொல்லுங்கள். அடுத்த முறை அவன் தன் பிள்ளையோடு வரும்போது, அந்தத் தூணருகே தானாகவே நிற்பான்.