சுவர் ஓரத்துல வச்சா இடம் மிச்சமா?

நம்ம கூட்டங்கள்ல கடைசியா ஒரு காட்சி தவறாம நடக்கும். வந்தவங்க கையில ஆளுக்கு ரெண்டு கன்னு. எல்லாருக்கும் சந்தோஷம். அந்தக் கன்னு எங்க போய் நிக்கப் போகுதுன்னு மட்டும் யாரும் கேக்கிறதில்ல. பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவர் ஓரம்தான். 'ஓரமா வச்சிட்டா இடம் மிச்சம்' என்ற கணக்கு.

நானும் அப்படித்தான் வச்சேன். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பூமி. தோட்டத்து வீட்டைச் சுற்றி ஆறடிச் சுவர். சுவருக்கு மூணடி தள்ளி ஒரு வேம்பு, அதை அடுத்து ஒரு மா. எட்டு வருஷம் நல்லாத்தான் இருந்தது. ஒரு சித்திரையில் சுவர் மேலிருந்து கீழ் வரை விரல் நுழையுற அளவுக்குப் பிளந்தது.

வேர் தள்ளித்தான் சுவர் விரியுதுன்னு நினைக்கிறோம். கரிசலில் பெரும்பாலும் நடக்கிறது வேற. ஈரம் போனா இந்த மண் சுருங்கும், மழை பெய்தா உப்பும். கோடையில மிச்சமிருக்கிற ஈரத்தையும் வேம்பு உறிஞ்சிடுது. ஒரு பக்கம் மண் சுருங்கி இறங்க, ஆழமில்லாத அஸ்திவாரமும் கூடவே இறங்குது. செம்மண்ணுல இந்த அளவுக்குத் தொல்லை இல்ல.

மாமரம் வேற வம்பைக் கொண்டு வந்தது. பாதிக் கிளை பக்கத்துப் பருத்திக் காட்டு மேல. நிழல் விழுந்த இடத்துல செடி நெட்டையா வளர்ந்து காய் பிடிக்கல. ஒருநாள் அவர் சொன்னார்: "அண்ணாச்சி, நிழல் எங்காட்டுக்கு, பழம் ஒங்க வீட்டுக்கா?" பதில் சொல்ல வாய் வரல. அந்தப் பக்கக் கிளைகளைக் கழிச்சேன். மரம் இப்ப ஒருச்சாய்ஞ்சு நிக்குது. வேம்பை வெட்டியே ஆக வேண்டியதாப் போச்சு. மரம் வளர்க்கச் சொல்லி ஊரெல்லாம் பேசினவன் கையாலேயே.

நான் சொல்ல வர்ற கணக்கு எளிசு. மாவுக்கு மரத்துக்கு மரம் 30 அடி விடுறோம்ல? அதுல பாதி, 15 அடி, சுவருக்கும் மரத்துக்கும் நடுவுல வேணும். தென்னைக்கு 25 அடி, அப்ப சுவருக்கு 12 அடிக்குக் குறையக் கூடாது. எலுமிச்சைக்கு 8, 9 அடி. முருங்கைக்கு 5 அடி போதும்னாலும் அது காத்துக்கு முறியுற மரம். முறிஞ்சா யார் பக்கம் விழும்னு பார்த்து வைங்க. சுவர் ஓரம் ஏதாவது வச்சே ஆகணும்னா கறிவேப்பிலை, நொச்சி, ஆடாதோடை மாதிரி வெட்ட வெட்டத் துளிர்க்கிறது இருக்கு. அதையும் 3, 4 அடி தள்ளி வைங்க. சுவருக்கும் செடிக்கும் நடுவுல ஆள் நடக்க முடியலைன்னா கவாத்தும் கிடையாது, பூச்சி பார்க்கிறதும் கிடையாது.

சுவர் ஓரத்து மண்ணும் நல்ல மண் இல்லீங்க. கொத்தனார் கொட்டின சிமெண்டு, சுண்ணாம்பு எல்லாம் அங்கதான் புதைஞ்சு கிடக்கும். அந்த இடத்துல எலுமிச்சை வச்சா நரம்பு மட்டும் பச்சையா இருந்து இலை மஞ்சளாகும். எவ்வளவு பஞ்சகவ்யம் தெளிச்சாலும் காரணம் மண்ணுக்குள்ள இருக்கு. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ஞ்சு அடிக்கிறப்ப சுவருக்கு மேற்கே ஒரு முழம் மண் நனையாமலே கிடக்கும். அதே பக்கம்தான் சாயங்கால வெயிலும் சுவர்ல பட்டுத் திரும்பும். இளங்கன்னு பாவம்.

சுவரே எதுக்கு, உயிர்வேலி போதாதான்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா உயிர்வேலியையும் எல்லைக்கல் மேலேயே நட்டுட்டு, பிறகு அரிவாளும் கையுமா நிக்கிற ஊர் நம்ம ஊர். மூணடி உள்ள தள்ளி நட்டா குடியா முழுகிடும்?

இனிமே கன்னு கொடுக்கிறப்ப ஒரு அளவுக் கயிறையும் சேர்த்துக் கொடுக்கணும்ங்கிறது என் அபிப்பிராயம். கன்னு எண்ணிக்கை குறைஞ்சாலும் பரவாயில்ல.

வேம்பு நின்ன இடத்துக்குப் பதிலா வர்ற ஐப்பசியில ஒண்ணு வைக்கணும், வீட்டுக்கும் சுவருக்கும் விலகி, களத்து ஓரமா. குழி வெட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துக் காட்டுக்காரரையும் வரச் சொல்லியிருக்கேன். கயித்தோட இன்னொரு முனையை அவர்தான் பிடிக்கணும்.