தபால்காரர் கடிதம் எழுதுவாரா?

"எதுக்கும்மா போட்டோவைப் போட்டே?" சைபர் கிரைம் புகார் கொடுக்கத் தோழிகளுடன் போனபோதெல்லாம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். குற்றம் செய்தவனைப் பற்றிய கேள்வி கடைசியில் வரும். அந்தக் கருவியை விற்றவனைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை இன்னொரு பெண்ணின் உடலில் ஒட்டிய வீடியோ பரவியது. இரண்டு பெண்களின் சம்மதமும் அங்கே மிதிபட்டது. 2024 ஜனவரியில் டெல்லி போலீஸ் ஒருவரைக் கைது செய்தது. அதில் செய்தது ஓர் ஆள், பரப்பியது தளம் என்றாவது பிரித்துச் சொல்ல முடிந்தது.

2025 டிசம்பர் முடிவில் அந்தக் கோடும் அழிந்தது. எக்ஸ் தளத்தில் ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே "இவளுக்கு பிகினி மாட்டு" என்று எவனோ எழுத, அந்த நிறுவனத்தின் க்ரோக் படத்தைச் செய்து, ஊரறியப் பதிலாகவும் போட்டது. சிறுமிகளும் தப்பவில்லை. கண்டனம் வலுத்ததும் 2026 ஜனவரியில் நிறுவனம் எடுத்த முதல் நடவடிக்கை, பதிலில் படம் செய்யும் வசதியைப் பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. மற்ற கட்டுப்பாடுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. நம் மானத்துக்குச் சந்தா!

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் போடும் பதிவுகளுக்குத் தளங்களைப் பொறுப்பாக்குவதில்லை. தபால்காரரைக் கடிதத்துக்காகத் தண்டிக்கக் கூடாது என்ற நியாயம்தான். ஆனால் உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது என்று அதே பிரிவு நிபந்தனையும் வைக்கிறது. படத்தைத் தானே செய்து தானே வெளியிடும் நிறுவனம் எந்த ஊர்த் தபால்காரர்?

தண்டிக்கும் பிரிவுக்கு வருவோம். 67ஆம் பிரிவு, படம் பார்ப்பவரின் காமத்தைத் தூண்டுகிறதா, மனத்தைக் கெடுக்கிறதா என்றே அளக்கிறது. படத்தில் இருப்பவள் சம்மதித்தாளா என்று அது கேட்பதில்லை. பிகினி ஆபாசமில்லை என்று எந்த வக்கீலும் வாதாடிவிடலாம். ஆபாசமா இல்லையா என்பது நம் வழக்கே இல்லை. என் உடலை என்னைக் கேட்காமல் செய்தாய் என்பதுதான் வழக்கு.

எனவே, கேட்டவன் மீது வழக்கு வேண்டும். செய்து வெளியிட்ட நிறுவனத்தின் மீதும் அதே வழக்கு வேண்டும். 'இயந்திரம் செய்தது' என்ற பதிலை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது. அந்த இயந்திரத்துக்கு முதலாளி இருக்கிறார். லாபம் அவர் கணக்குக்குப் போகும்போது, குற்றம் மட்டும் எப்படி அநாதையாகும்?

நாங்கள் போட்டோ போடுவோம். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.