உப்பு மாறினால் முருகை அறியும்

உப்பெல்லாம் உப்புத்தானே என்பர் சிலர். சமையலறையை ஆளும் தாய்மார் இதனை ஒப்புக்கொள்ளார். கல்லுப்பு முடிந்து தூளுப்பு வந்த அன்று, பழைய கரண்டியாலேயே அள்ளியிட்டாலும் கறி பழைய சுவையுடன் அமைவதில்லை என்பதை அவர்கள் நன்கறிவர். கறியில் நேரும் பிழை ஒரு வேளை உணவோடு போய்விடும். கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள முருகையை வளர்ப்பவர் உப்பின் வகையை மாற்றும்போது நேரும் பிழையோ, பல ஆண்டுகள் வளர்ந்த உயிர்களைச் சில நாட்களில் மாய்த்துவிடக்கூடும். இவ்வாரம் அம்மாற்றத்தைப் பற்றியே பேசுவோம்.

முருகை கல் போலத் தோன்றினும் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் கூடி வாழ்ந்து, தாமே கட்டிக்கொண்ட சுண்ணாம்பு மாளிகை அது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவிலும் தெற்கே இக்கடுவையிலும் அதனைக் கண்டோர் நம்மிடையே பலர். அதனை உடைத்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கியவரும் முன்னாளில் இருந்தனர். இன்று கடலிலிருந்து அதனைப் பெயர்த்தெடுப்பது எமது நாட்டிற் குற்றமாகும். மேனாடுகளில் இதனை வீட்டில் வளர்ப்போர், பெரும்பாலும் வளர்ப்புத் தொட்டிகளிலேயே கிளை ஒடித்து நட்டுப் பெருக்கிய துண்டுகளை வாங்குகின்றனர். இயற்கை முறையில் முருகையைத் தொட்டியில் வாழவைக்கும் வழியை 1961 இல் எழுதி வெளியிட்டவர், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்தவரான லீ சின் எங் என்பார். அவர் கடலருகே வாழ்ந்தவர். கடல்நீரையே மொண்டு வந்தார். கடலுக்குத் தொலைவில் வாழ்வோர் உப்புத்தூளை வாங்கித் தூய நீரிற் கரைத்தே கடல்நீர் செய்துகொள்ள வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

'சலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களிற் சுற்றிச் சேகரித்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிற்மார் என்னும் இரசாயனர் பகுத்தாய்ந்து, 1884 இல் முடிவை வெளியிட்டார். எக்கடலாயினும் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம்; ஆயின் அதிலடங்கிய பெருங்கூறுகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பது அவர் நிலைநாட்டிய உண்மை. கடல் காக்கும் இவ்விகிதத்தை ஆலைகள் அப்படியே காப்பதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் கல்சியம் ஏறத்தாழ 420 மில்லிகிராம். காரத்தன்மை ஜேர்மன் பாகை அளவில் 6½ முதல் 7 வரை. சந்தையில் விற்கும் உப்புகளிற் சில இவ்வளவை ஒட்டி நிற்கும். வேறு சில, முருகை உண்ணும் பங்கையும் சேர்த்தே கொடுப்போம் என்ற எண்ணத்துடன் காரத்தன்மையை 11, 12 பாகைவரை ஏற்றி வைத்திருக்கும். இரண்டும் நல்ல உப்புகளே. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவதே ஆபத்து.

காரத்தன்மை என்றால் என்ன? நீர் எவ்வளவு காரமாயுள்ளது என்பதைக் காட்டும் பீஎச் எண் வேறு, இது வேறு. புளிப்பு, அதாவது அமிலம், வந்து சேர்ந்தால் நீர் அதனை எவ்வளவு தாங்கும் என்னும் வலிமையே காரத்தன்மை. கடல்நீரில் அவ்வலிமையைத் தருவது பெரும்பாலும் இருகாபனேற்று என்னும் கூறு. மாணவ நண்பர்கள் இதனைப் பாடசாலையிற் கண்டிருப்பர். தெளிந்த சுண்ணாம்பு நீரிற் குழாயால் ஊதினால் அது பால்போலாகும். விடாது ஊதினால் மீண்டும் தெளியும். பாலாக்கியது கல்சியங்காபனேற்று. தெளிந்த நீரிற் கரைந்திருப்பது கல்சியமும் இருகாபனேற்றும். முருகை செய்வது இதன் மறுதலை. தெளிந்த நீரிலிருந்து அவ்விரண்டையும் எடுத்துத் திண்மமான சுண்ணாம்பாக்குகிறது. வெளியே விடுவது காபனீரொட்சைட்டு வாயு.

நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் கணக்கு இனி வருவது. முருகை தன் கூட்டைக் கட்டுங்கால், லீற்றருக்கு 20 மில்லிகிராம் கல்சியம் எடுத்தால் அதனுடன் 2.8 பாகைக் காரத்தன்மையையும் எடுக்கும். இவ்விகிதத்தை மாற்ற எவராலும் இயலாது. 420 இலிருந்து 20 போனால் எஞ்சுவது 400. இழப்பு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 8 இலிருந்து 2.8 போனால் எஞ்சுவது 5.2, மூன்றிலொரு பங்கிற்கு மேல் போயிற்று. கல்சியம் வீட்டு நெற்களஞ்சியம் போன்றது. காரத்தன்மை மடியிலுள்ள சில்லறைக் காசு. களஞ்சியத்தை அளந்து பார்த்து, நெல் நிறைய உண்டு என்று மகிழ்ந்திருப்பவன் மடி வெறுமையானதை அறியான். தொட்டி வளர்ப்போருட் பலர் கல்சியத்தை மட்டும் அளந்து மன அமைதி கொள்வதை எம்மால் ஏற்க முடியவில்லை. ஒன்றைத்தான் அளக்கக் காலமுண்டு என்றால், அளக்கவேண்டியது காரத்தன்மையையே.

உப்பு மாற்றத்திலும் அதே கதைதான். 200 லீற்றர்த் தொட்டியொன்றில் கல்சியம் 420, காரத்தன்மை 8 என்று கொள்வோம். புதிய உப்பின் நீரில் அவை 460, 12. வாரந்தோறும் செய்வது போல 20 லீற்றரை மாற்றினால் கல்சியம் 4 மில்லிகிராம் ஏறும், காரத்தன்மை 8.4 ஆகும். முருகை இதனைப் பொறுத்துக்கொள்ளும். புதிய உப்பு நல்லதாயிற்றே என்று பாதி நீரை ஒரே நாளில் மாற்றிவிட்டாலோ, கல்சியம் 440 தான், காரத்தன்மை 10. ஒரு பொழுதில் நாலிலொரு பங்கு உயர்வு! கிளை விடும் முருகைகள் இத்தகைய தாவலுக்கு மிகவும் அஞ்சுவன. நுனிகள் தீய்ந்தவை போல் வெளுக்கும். தசை உரிந்து வெண்கூடு தெரியும். நீரிற் சத்துக் குறைந்த தொட்டிகளில் இக்கேடு மேலும் விரைந்து தோன்றுவதாக வளர்ப்போர் கூறுவர்.

ஆகலின், புதிய மூட்டை வந்ததும் அதனைத் தொட்டியிலே சோதிக்கலாகாது, வாளியிலே சோதிக்கவேண்டும். கரைக்கும் நீர் உப்பகற்றி வடித்த நீராயிருத்தல் இன்றியமையாதது. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடே வருவது. கேத்தலின் அடியிற் படியும் வெண்காறையே அதற்குச் சாட்சி. அந்நீரிற் கரைத்தால் நாம் அளப்பது உப்பையா கிணற்றையா என்று தெரியாமற் போகும். நீரில் உப்பை இடவேண்டும்; உப்பின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் அடியிற் செறிவு மிகுந்து, கல்சியமும் காபனேற்றும் அங்கேயே கூடி வெண்பொடியாய்ப் படிந்துவிடும். படிந்தது மீண்டும் எளிதிற் கரையாது. வாளியின் சுவரிற் படிந்த வெண்மையெல்லாம் விலை கொடுத்து வாங்கிய கல்சியமும் காரத்தன்மையுமே.

நன்கு கரைந்து தெளிந்தபின் முதலில் உவர்ப்பை அளக்க. ஆயிரத்துக்கு 35 என்னும் கடலளவில் நிற்கவேண்டும். தொட்டி 35 இலும் வாளி 32 இலும் நின்றால், வாளியின் கல்சியம் நூற்றுக்கு ஒன்பது குறைந்தே தோன்றும். உப்பின்மேற் பழி விழும். உவர்ப்புச் சமமான பின்னரே மற்ற இரண்டையும் அளந்து, தொட்டியின் அளவோடு ஒப்பிடவேண்டும். வேற்றுமை ஒரு பாகைக்குள் அடங்கினால் வழக்கம்போல் மாற்றலாம். நான்கு பாகை என்றால் சிறுகச் சிறுக, பத்திலொரு பங்காகவே மாற்றவேண்டும். நாளொன்றுக்கு அரைப் பாகைக்கு மேற் காரத்தன்மை அசையாதிருப்பது நல்லது என்பது எமது கருத்து; ஒரு பாகைவரை செல்லலாம் என்போரும் உளர்.

உயர்ந்த உப்பிலிருந்து தாழ்ந்த உப்புக்கு இறங்குவோர் வேறொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். அதுவரை வாரந்தோறும் மாற்றிய நீரே முருகைக்குத் தீனி போட்டு வந்தது. இனி அது நின்றுவிடும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரத்தில் மடி வெறுமையாகும். எனவே நீர் மாற்றாத இரு நாட்களில் ஒரே நேரத்திற் காரத்தன்மையை அளந்து, நாளொன்றுக்கு எவ்வளவு குறைகிறதென்று கண்டு, அக்குறையைக் கையால் ஊட்டவேண்டும். இதற்கு வேண்டும் பொருள் பலகாரத்துக்கு நாம் இடும் அப்பச்சோடாவே. 200 லீற்றரில் ஒரு பாகை உயர்த்த 6 கிராம் போதும். அதனை நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாக விடுக. கல்சியங்குளோரைட்டும் இடவேண்டியிருந்தால் அதனை வேறு வேளையில் இடுக. இரண்டையும் ஒரே கிண்ணத்திற் கலந்தால் மாணவரின் சோதனைக் குழாய்போல் அது பாலாகிப் பயனற்றுப் போகும்.

சுண்ணாம்பு நீரை ஊட்டும் முறையும் உண்டு. ஐரோப்பாவில் பீற்றர் வில்கென்ஸ் என்பார் இதனைப் பரப்பினார். முருகை எடுக்கும் விகிதத்திலேயே இரண்டையும் தருவதால் நாளாந்தச் செலவுக்கு இது ஏற்றது. ஆனால் ஒன்று கூடி ஒன்று குறைந்த நிலையைச் சரிசெய்ய உதவாது. கடுங்காரமானபடியால் சொட்டுச் சொட்டாகவே விடவேண்டும்; சிறுவர் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

கல்சியம் 500, காரத்தன்மை 12 என்று இரண்டையும் வானளாவ உயர்த்திப் பெருமை கொள்வோர் சிலருண்டு. நீரிலுள்ள மகனீசியம் சுண்ணாம்பு படிவதை ஓரளவுதான் தடுக்கும். எல்லை கடந்தால் மழைமேகம் உடைந்ததுபோல் யாவும் ஒருங்கே வீழ்ந்து, வெப்பமூட்டியிலும் நீரிறைக்கும் பொறியிலும் கல்லாய் ஒட்டும். முருகைக்கு வேண்டுவது உயர்வன்று, ஒரே நிலை.

பழைய உப்பு கையிலிருக்கும்போதே புதியதை வாங்குபவர் பேறுபெற்றவர். முதல் வாரம் பழையது மூன்று பங்கு புதியது ஒரு பங்கு, மறுவாரம் சரிபாதி, அடுத்தது ஒன்றுக்கு மூன்று என்று வெவ்வேறாகக் கரைத்த நீர்களைக் கலந்து மாற்றிச் சென்றால், நான்காம் வாரம் புதிய உப்பு தனித்தே நிற்கலாம். மூட்டைகளின் வாயை இறுகக் கட்டி ஈரம் புகாது வைப்பதுடன், பழையதில் இரண்டு வாளிக்குப் போதிய அளவை ஒதுக்கிவைப்பதும் நன்று. நுனிகள் வெளுக்கத் தொடங்கினால் அன்றைய நீர் மாற்றத்துக்கு அது வேண்டியிருக்கும்.