செய்தியின் ஊற்றுக்கண்

சர்க்காருக்கு வாய் இருக்க வேண்டும். அதை எவரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஜனங்களின் காதும் சர்க்காருக்கே சொந்தம் என்றால், அதை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது.

2024-ஆம் வருஷம் டிசம்பர் 7 அன்று, ஜனாதிபதி அஸாத் எங்கும் போய்விடவில்லை, டமாஸ்கஸிலிருந்தே அலுவல்களைக் கவனித்து வருகிறார் என்று ஸிரியாவின் ஜனாதிபதி காரியாலயம் அறிவித்தது. 1965-ல் ஸ்தாபிக்கப்பட்ட 'ஸானா' என்னும் சர்க்கார் செய்தி ஸ்தாபனத்தை நம்பியே அத்தேசத்துப் பத்திரிகைகள் நெடுங்காலம் நடந்து வந்தன. மறுநாள் பொழுது விடிந்தபோது ஜனாதிபதியும் இல்லை, அவருடைய ராஜாங்கமும் இல்லை. தன் ஆட்சி கவிழ்வதைக்கூடத் தன் ஜனங்களுக்குச் சொல்ல மாட்டாத சர்க்கார், வேறு எந்த உண்மையைச் சொல்லும்?

அராபிய தேசத்துச் சமாசாரம் நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது தேசத்திலும் இந்நோய் வந்து போனதுண்டு. ராய்ட்டர் கம்பெனியின் பிடியிலிருந்து செய்தியை மீட்பதற்காகவே, பத்திரிகைகள் ஒன்றுகூடி 1947 ஆகஸ்டில் சென்னையில் பி.டி.ஐ. ஸ்தாபனத்தைப் பதிவு செய்தன. அந்நியனிடமிருந்து மீட்ட அந்த உரிமையை 1976-ல் நம்மவர்களே பறித்தார்கள். அவசர நிலையின்போது பி.டி.ஐ., யு.என்.ஐ., ஹிந்துஸ்தான் ஸமாசார், ஸமாசார் பாரதி என்ற நான்கும் 'ஸமாசார்' என்ற ஒரே ஸ்தாபனமாக்கப்பட்டன. தேசத்தில் பத்திரிகைகள் பல இருந்தன, செய்தி ஒன்றாயிற்று. 1978-ல்தான் அவை மீண்டும் பிரிந்து சுவாசித்தன.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? செய்தி ஸ்தாபனங்களுக்குப் பெரிய சந்தாதாரர் சர்க்கார் ரேடியோ. அந்தப் பணக் கயிறு இன்றும் அறுந்துவிடவில்லை. 2020 ஜூனில் சீன ஸ்தானாபதியின் பேட்டியைப் பி.டி.ஐ. வெளியிட்டது. அதன் செய்திப் போக்கு தேச நலனுக்கு விரோதமானது என்று பிரஸார் பாரதி கடிதம் எழுதியது. அக்டோபரில் சந்தாவை நிறுத்த முடிவு செய்தது. 2024 மார்ச்சில் அதே பிரஸார் பாரதி, பத்திரிகைகளுக்குத் தானே செய்தி வழங்கும் ஏற்பாட்டைத் தொடங்கி, முதல் வருஷம் இலவசம் என்றது. கையில் காசில்லாத சிறு பத்திரிகைக்கு இலவசம் பெரிய ஆசைதான். ஆனால் விலையில்லாச் செய்திக்கு விலையாகப் போவது பத்திரிகையின் சுயபுத்தி.

இதனால் மணலூர்பேட்டைக் குடியானவனுக்கு என்ன நஷ்டம்? ஸிரியா கவிழ்ந்த அதே வாரத்தைப் பாருங்கள். டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி ஜலம் தென்பெண்ணையில் விடப்பட்டது. கரையோர ஊர்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. பலமுறை எச்சரித்தோம் என்றது சர்க்கார். போதிய முன்னறிவிப்பு இல்லை என்றனர் எதிர்க்கட்சியார். இவ்விவகாரத்தில் சர்க்கார் பிரதிவாதி. பிரதிவாதியின் வாக்குமூலத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதி உண்டா? தண்டோரா கேட்டதா இல்லையா என்பதை வீடிழந்தவனிடம் போய் விசாரிக்க ஒரு நிருபர் வேண்டும். அவன் சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்து வரக்கூடாது.

ஆகவே நாம் கோருவது இதுதான். சர்க்கார் தரும் அறிக்கையைச் சர்க்கார் அறிக்கை என்று தலைப்பிட்டே பத்திரிகைகள் பிரசுரிக்கட்டும். சிறு பத்திரிகைகள் ஜில்லாதோறும் கூட்டாகச் சேர்ந்து, சொந்தச் செலவில் நிருபர்களை வைக்கட்டும். சர்க்கார் ரேடியோ எந்தச் செய்தி ஸ்தாபனத்திற்குச் சந்தா கொடுப்பது என்பதை மந்திரிகளின் தயவுக்கு விடாமல், பார்லிமெண்டு பகிரங்க விதிகளால் நிர்ணயிக்கட்டும். தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்றைய ஆட்சி உங்களுக்கு உகந்ததாயிருக்கலாம். ஆனால் ஊற்றை ஒருவன் கையில் ஒப்படைத்துவிட்டால், நாளை அதன் கரையில் யார் நிற்பார் என்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. இதை இப்போதே உணர்ந்து பேசுங்கள்.